இணையமே இல்லாத லினக்ஸ் கணினியில் டயல்-அப் மோடம்

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்கள். 2003-இல் நான் முதன்முதலாக லினக்ஸ் நிறுவியபோது நிலைமை அப்படித்தான் இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடம் அட்டைக்கு டிரைவர் வேண்டும். டிரைவர் இணையத்தில் இருக்கிறது. இணையத்துக்குப் போக மோடம் வேண்டும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து டிரைவரை இறக்கி, துண்டு துண்டாக உடைத்து, மூன்று ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூன்றாவது ஃபிளாப்பி படிக்கவில்லை.

அன்று எனக்கு யாராவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சரியான மோடம் கையில் இருந்தால் இணையத்திலிருந்து எதையும் இறக்க வேண்டியதே இல்லை. தேவையானதெல்லாம் லினக்ஸின் உட்கருவான கெர்னலிலும் நிறுவல் வட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது.

இன்று இது யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ஓடு தன் டயல்-அப் சேவையை மூடிவிட்டது. ஆனாலும் பழைய கணினியைத் தூசி தட்டி ஓட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தொலைபேசிக் கம்பி மட்டுமே போகிற மூலையில் இருக்கும் இயந்திரத்தை எட்ட வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நெட்வொர்க் பாடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பும் மாணவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். மோடத்துக்கான ஏடி கட்டளைகளை மட்டும் பெரிய எழுத்தில் தட்டுவது வழக்கம்.

முதல் வேலை: உங்களிடம் இருப்பது எந்த மோடம்?

இதில் தவறினால் மற்ற எல்லாமே வீண், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மோடங்களில் இரண்டு சாதி. ஒன்று, தன் வேலையைத் தானே செய்வது. ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றும் சில்லு அதற்குள்ளேயே இருக்கும். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு சீரியல் போர்ட், அவ்வளவுதான். லினக்ஸுக்கு அதைப் பேச வைக்கத் தனி டிரைவர் வேண்டாம்.

இன்னொன்று வின்மோடம். காசை மிச்சப்படுத்த அந்தச் சில்லுகளை எடுத்துவிட்டு, வேலை முழுவதையும் கணினியின் பிராசசர் தலையில் கட்டியிருப்பார்கள். அதை ஓட்டும் மென்பொருளைப் பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும்தான் எழுதினார்கள். 1990-களின் கடைசியிலிருந்து கணினிகளோடும் மடிக்கணினிகளோடும் வந்தவற்றில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

கண்டுபிடிப்பது எளிது. வெளியே தனிப் பெட்டியாக, 9 அல்லது 25 ஊசி சீரியல் கேபிளோடு இருந்தால் முதல் சாதி. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். யூஎஸ்பி மோடமாக இருந்தால் செருகிவிட்டு ‘டிமெசேஜ்’ (டி-எம்-இ-எஸ்-ஜி என்று ஐந்தே எழுத்து) கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘டிடிஒய்ஏசிஎம்0’ என்று ஒரு பெயர் வந்தால் பிழைத்தீர்கள். யூஎஸ்ரோபாட்டிக்ஸ் 5637 அப்படி வரும். பெட்டிக்குள் செருகிய அட்டை என்றால் ‘எல்எஸ்பிசிஐ’ ஓட்டுங்கள். ‘சீரியல் கன்ட்ரோலர்’ என்று சொன்னால் நம்பிக்கை உண்டு. ‘கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்’ என்றால் பெரும்பாலும் வின்மோடம்.

வின்மோடம்தான் என்று தெரிந்தால் என்ன செய்வது? லூசென்ட், ஸ்மார்ட்லிங்க், கோனெக்ஸன்ட் சில்லுகளுக்கு டிரைவர்கள் இருந்தன. ஆனால் ஸ்மார்ட்லிங்க் டிரைவரின் முக்கியப் பகுதி மூல நிரல் இல்லாத 32-பிட் கோப்பு. கோனெக்ஸன்ட் டிரைவரின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகாது; வேகம் வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். இவற்றை உங்கள் கெர்னலுக்கு ஏற்ப மொழிமாற்றிக் கட்டுவதற்கு கம்பைலரும் கெர்னல் தலைப்புக் கோப்புகளும் வேறு வேண்டும். இணையம் இல்லாமல் இதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் பழைய சாமான் விற்பவர்களிடம் வெளி மோடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

வாங்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள். பல வெளி மோடங்களுக்கு வேண்டியது டிசி இல்லை, 9 வோல்ட் ஏசி. ரூட்டரின் அடாப்டர் அதே துளையில் அழகாகப் பொருந்தும், ஆனால் மோடம் ஓடாது, விளக்கும் எரியாது, அல்லது விபரீதமாக எரியும். மோடத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

பென் டிரைவில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

கட்டாயம் வேண்டியது ஒன்றே ஒன்று: ‘பிபிபி’ என்ற பொதி, அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கட்டு. தொலைபேசி இணைப்பின் மேல் இணைய நெறிமுறையை ஓட்டும் ‘பிபிபிடி’யும், எண்ணைச் சுழற்றும் ‘சாட்’ என்ற குட்டி நிரலும் அதில்தான் இருக்கின்றன. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் வட்டில் இது இருக்கும். பல நிறுவல்களில் தானாகவே ஏறியும் இருக்கும். ‘விச் பிபிபிடி’ என்று ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக) இருந்து கேட்டால் தெரிந்துவிடும். இத்தோடு மோடத்திடம் நேரடியாகப் பேச ‘மினிகாம்’, பட்டியல் முறையில் அமைப்பை எழுதித் தரும் ‘பிபிபிகான்ஃபிக்’ இரண்டும் இருந்தால் வசதி. ‘டபிள்யூவிடயல்’ என்ற நிரலையும் பலர் சொல்வார்கள். நல்ல நிரல்தான், ஆனால் பின்னாலேயே நாலைந்து நூலகங்களை இழுத்துக்கொண்டு வரும். இல்லாமலே ஓட்டலாம்.

நிறுவல் வட்டு கையில் இருந்தால் ‘ஏபிடி-சிடிராம் ஆட்’ கட்டளையால் அதையே பொதிக் களஞ்சியமாகச் சேர்த்துக்கொள்ளலாம். வட்டில் இல்லாததை நண்பர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். போவதற்கு முன் இரண்டு விவரங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் லினக்ஸின் வெளியீட்டு எண், ‘யுனேம் -எம்’ சொல்லும் பிராசசர் வகை. பழைய பென்டியத்துக்கு 64-பிட் பொதியை எடுத்து வந்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் பலர். இன்னொன்று, டெபியன் 13-இல் 32-பிட் கணினிக்கான நிறுவியே கிடையாது. பழைய இயந்திரம் என்றால் 12 அல்லது அதற்கு முந்தையது.

திரும்பி வந்து பொதிகளை ஒரே அடைவில் போட்டு, ‘டிபிகேஜி -ஐ’ கட்டளைக்கு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். ஒவ்வொன்றாகக் கொடுத்தால் ஒன்று இன்னொன்றைக் கேட்டு அடம்பிடிக்கும்.

கம்பிகள்

மோடத்தின் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ‘லைன்’ என்பதில்தான் சுவரிலிருந்து வரும் கம்பி; ‘ஃபோன்’ என்பதில் தொலைபேசிக் கருவி. மாற்றிச் செருகினால் சில மோடங்களில் எல்லாம் வேலை செய்வதுபோல் ஒரு மாயை இருக்கும், டயல் டோன் மட்டும் கிடைக்காது. சீரியல் கேபிள் நேர்க் கேபிளாக இருக்க வேண்டும். இரண்டு கணினிகளை நேரடியாக இணைக்கும் ‘நல் மோடம்’ என்ற கேபிள் இதற்கு ஆகாது. இடி மின்னல் காலத்தில், குறிப்பாக ஐப்பசியில், வேலை முடிந்ததும் லைன் கம்பியைப் பிடுங்கி வையுங்கள். மின்சாரம் வழியாக வரும் மின்னலைவிடத் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைப் பொசுக்கியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மோடத்தோடு பேசுங்கள்

எந்த அமைப்புக் கோப்பையும் இன்னும் தொட வேண்டாம். முதலில் மோடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம்.

விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் ‘/டெவ்/டிடிஒய்எஸ்0’. காம்2 என்றால் கடைசியில் 1. எண் ஒன்று குறைவாக இருப்பதைக் கவனியுங்கள்; பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கம்பி வழியாக என்றால் ‘டிடிஒய்யூஎஸ்பி0’.

‘மினிகாம் -எஸ்’ என்று ரூட்டாகத் தொடங்கி, சீரியல் போர்ட் அமைப்பில் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள்: போர்ட்டின் பெயர், வேகம் 115200, வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடு ‘ஆம்’. மோடம் 56 கிலோபிட்தானே, ஏன் 115200 என்று கேட்பீர்கள். இது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள வேகம். மோடம் தரவைச் சுருக்கி அனுப்புவதால் இந்தப் பக்கம் அகலமாக இருந்தால்தான் நல்லது.

இப்போது ‘ஏடி’ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். ‘ஓகே’ என்று ஒரு வரி வர வேண்டும்.

அந்த ‘ஓகே’ வந்துவிட்டால் முக்கால் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடத்தின் மொழி இது. இன்றைய 4ஜி டாங்கிள் வரைக்கும் இதே ‘ஏடி’தான். இரண்டு எழுத்துகளுக்குள் ஒரு சூட்சுமமும் உண்டு: அவை வந்து சேரும் விதத்தை அளந்துதான் மோடம் கணினியின் வேகத்தைப் புரிந்துகொள்கிறது.

‘ஓகே’ வரவில்லையா? வெளி மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். ‘டிஆர்’ எரியவில்லை என்றால் மினிகாம் வேறு போர்ட்டைத் திறந்திருக்கிறது, அல்லது கேபிள் சரியில்லை. தட்டும்போது ‘எஸ்டி’ மினுக்கினால் எழுத்துகள் மோடத்துக்குப் போய்ச் சேருகின்றன. அது பதில் சொல்லாத நிலையில் இருக்கலாம். ‘ஏடி&எஃப்’ தட்டித் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். குப்பை எழுத்துகள் வந்தால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். யூஎஸ்பி மோடமாக இருந்து, நீங்கள் தட்டாத ஏடி கட்டளைகள் தானாக ஓடினால், அது ‘மோடம்மேனேஜர்’ என்ற சேவையின் கைவரிசை. மொபைல் டாங்கிள் என்று நினைத்து விசாரணை நடத்திக்கொண்டிருக்கும். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்’ கொடுத்து அதை நிறுத்துங்கள்.

அப்புறம், ரூட்டாக இல்லாமல் சாதாரணப் பயனராகவும் போர்ட்டைத் திறக்க வேண்டுமென்றால் ‘டயல்அவுட்’ குழுவில் உங்களைச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் வெளியேறி மறுபடி நுழைந்தால்தான் அது செல்லுபடியாகும்.

டயல் டோன் தகராறு

‘ஏடிடிடி’ என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் செல்பேசி எண்ணைச் சேர்த்து என்டர் அடியுங்கள். செல்பேசி ஒலித்தால் வெற்றி. ஒலிக்காமல் ‘நோ டயல்டோன்’ என்று வந்தால், கம்பியைக் குறைசொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்கத் தொலைபேசியின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்த ஒலி. நம் இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸால் அசைத்த ஒலி. ரிசீவரை எடுத்ததும் கேட்கும் அந்த ‘கர்ர்ர்’ அதுதான். அமெரிக்காவுக்காகச் செய்த மோடத்துக்கு நம் ஊர் ‘கர்ர்’ டயல் டோனாகவே தோன்றாமல் போகலாம். தீர்வு ‘ஏடிஎக்ஸ்3’. டோனுக்காகக் காத்திருக்காமல் சுழற்று, எதிர்முனை பிஸி என்றால் மட்டும் சொல் என்று அர்த்தம். அலுவலக இன்டர்காம் வழியாக வெளியே போக வேண்டுமென்றால் எண்ணுக்கு முன் 0 போட்டு ஒரு காற்புள்ளி வையுங்கள். ஒவ்வொரு காற்புள்ளிக்கும் மோடம் இரண்டு வினாடி காத்திருக்கும்.

இணையமே இல்லாமல் ஒரு முழு ஒத்திகை

இணையச் சேவைதாரர் கணக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சின்னக் கடைகளில் வைத்திருப்பார்களே, நாலு எக்ஸ்டென்ஷன் இன்டர்காம் பெட்டி, அது ஒன்று போதும். இரண்டு கணினி, இரண்டு மோடம். ஒன்று 21, மற்றது 22 என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு பக்கமும் மினிகாமில் ‘ஏடி&டி0’ கொடுங்கள். மினிகாமை விட்டு வெளியே வரும்போது இணைப்பை அறுத்துவிடாதே என்று மோடத்துக்குச் சொல்வது இது. இதை மறந்தால் பின்னால் வரும் பாடு சொல்லி மாளாது. இப்போது 21-இலிருந்து ‘ஏடிஎக்ஸ்3டிடி22’. எதிர்ப்பக்கத் திரையில் ‘ரிங்’ என்று வரும். அங்கே ‘ஏடிஏ’ தட்டுங்கள். ரிசீவரை எடுத்ததற்குச் சமம்.

இனி அந்தக் கச்சேரி. முதலில் ஒற்றைச் சுருதியில் ஒரு நீளமான கூவல். அது 2100 ஹெர்ட்ஸ் பதில் ஒலி. பிறகு இருபக்கமும் மாறி மாறிக் கிறீச்சிட்டு, கடைசியில் கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல் ஒரு இரைச்சல். இரைச்சல் சட்டென்று அடங்கி ‘சிடி’ விளக்கு எரியும். திரையில் ‘கனெக்ட் 33600’ என்றோ அதற்குக் குறைவாகவோ வரும். சில மோடங்கள் 115200 என்று பீற்றிக்கொள்ளும்; அது கணினிப் பக்கத்து வேகம், மயங்க வேண்டாம். இங்கே 56 கிலோபிட் வராது. 1998-இல் வந்த வி.90 தரத்தில் ஒரு முனை டிஜிட்டலாகத் தொலைபேசி வலையோடு இணைந்திருக்க வேண்டும். இரண்டு சாதாரண மோடங்கள் பேசினால் 33.6தான் உச்சம்.

ஒரு பக்கம் எதையாவது தட்டினால் மறுபக்கத் திரையில் அது வரும். கொஞ்ச நேரம் விளையாடிப் பாருங்கள், தப்பில்லை. பிறகு கன்ட்ரோல்-ஏ, அடுத்து க்யூ அழுத்தி மினிகாமை விட்டு வாருங்கள். எக்ஸ் அழுத்தாதீர்கள்; அது மோடத்தை மீட்டமைத்துவிடும். முதல் கணினியில் ரூட்டாக:

பிபிபிடி /டெவ்/டிடிஒய்எஸ்0 115200 192.168.9.1:192.168.9.2 லோக்கல் நோஆத் நோடிடாச்

இரண்டாவதில் இதையே இரண்டு முகவரிகளையும் இடம் மாற்றிக் கொடுங்கள். ‘நோஆத்’ என்பது ‘நோ’வோடு ‘ஆத்தென்டிகேஷன்’ சொல்லின் முதல் நாலு எழுத்து: எதிராளியிடம் கடவுச்சொல் கேட்காதே. ‘நோடிடாச்’ இருந்தால் நடப்பதெல்லாம் திரையிலேயே தெரியும். இருபக்க முகவரிகளும் திரையில் வந்ததும் இன்னொரு முனையத்தில் எதிர்முகவரிக்குப் ‘பிங்’ அனுப்புங்கள். நூறு மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு ஆடி அசைந்து பதில் வரும்.

சேவைதாரரை அழைக்க

கணக்கு இருப்பவர்களுக்கு இனி வேலை கொஞ்சம்தான். ரூட்டாக ‘பிபிபிகான்ஃபிக்’ ஓட்டினால் அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: இணைப்புக்கு ஒரு பெயர், டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) தானாக வர வேண்டுமா, அடையாளம் காட்டும் முறை, பயனர் பெயர், கடவுச்சொல், வேகம், டோனா பல்ஸா, எண், போர்ட். டிஎன்எஸ்ஸுக்கு ‘டைனமிக்’, அடையாள முறைக்கு ‘பிஏபி’, மற்றதெல்லாம் உங்கள் விவரம். வேகம் 115200. கடைசியில் மேம்பட்ட பகுதிக்குப் போய், மோடம் தொடக்கக் கட்டளையில் ‘ஏடிஎக்ஸ்3’ சேர்த்துவிடுங்கள்.

தொடங்க ‘பான்’ (பி-ஓ-என்) என்று தட்டி இணைப்பின் பெயரைச் சேர்க்க வேண்டும், நிறுத்த ‘பாஃப்’ (பி-ஓ-எஃப்-எஃப்), என்ன நடக்கிறது என்று பார்க்க ‘பிளாக்’ (பி-எல்-ஓ-ஜி). வேகத்தைப் பற்றி முன்கூட்டியே மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். 45 கிலோபிட் கிடைத்தால் வினாடிக்கு ஐந்து கிலோபைட் சொச்சம். ஒரு எம்பி வருவதற்குள் ஒரு டம்ளர் காபியை ஆற்றிக் குடித்துவிடலாம்.

வழியில் மறிக்கும் கற்கள்

இணைப்பு கிடைக்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். ‘பிளாக்’ திரையில், ஏற்கெனவே இருக்கும் இயல்பு வழியை மாற்றவில்லை என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். கணினியில் நெட்வொர்க் அட்டைக்கு நிறுவும்போதே ஒரு வழி எழுதப்பட்டிருக்கும். கம்பியே செருகாத அந்த அட்டை வழியாகத்தான் எல்லாம் போக வேண்டும் என்று லினக்ஸ் பிடிவாதமாக நிற்கும். ‘ஐபி ரூட் டெல் டிஃபால்ட்’ கொடுத்து அதை நீக்கிவிட்டு மறுபடி அழையுங்கள்.

எண் முகவரிக்குப் பிங் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் டிஎன்எஸ் வந்து சேரவில்லை. இணைப்பின் அமைப்புக் கோப்பில் ‘யூஸ்பியர்டிஎன்எஸ்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

பிபிபிடி நின்றுபோகும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்லும். 8 என்றால் அழைப்பே கிடைக்கவில்லை: பிஸி, டோன் இல்லை, எதிர்முனை எடுக்கவில்லை. 19 என்றால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. முக்கால்வாசி நேரம் பெரிய எழுத்துப் பூட்டு. 16 என்றால் லைன் அறுந்தது. எங்கள் வீட்டில் 16 வரும்போதெல்லாம் உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்கும்: “டேய், ஃபோன்ல என்னடா இப்படி இரையுது?” இணைச் சாக்கெட்டில் இருக்கும் கருவியை யார் எடுத்தாலும் கதை முடிந்தது. அழைப்பின் நடுவே வரும் காத்திருப்பு ‘பீப்’பும் இதே வேலையைச் செய்யும். ‘எஸ்10’ பதிவேட்டின் மதிப்பைக் கூட்டினால் மோடம் அந்தச் சின்னத் தடங்கலைப் பொறுத்துக்கொள்ளும். ‘ஏடிஎஸ்10=50’ என்றால் ஐந்து வினாடி வரை காத்திருக்கும்.

முடித்ததும் ‘பாஃப்’ கொடுங்கள். ஒத்திகையில் ‘ஏடி&டி0’ போட்ட மோடம் இதற்கு அசையாது. மினிகாமில் ஒரு வினாடி சும்மா இருந்து, மூன்று கூட்டல் குறிகளைத் தட்டி, இன்னொரு வினாடி சும்மா இருந்தால் ‘ஓகே’ வரும், பிறகு ‘ஏடிஎச்’. திரை என்ன சொன்னாலும் மோடத்தின் முகப்பில் ‘ஓஎச்’ விளக்கு அணைந்ததா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். அது எரிகிறவரை ரிசீவர் கீழே வைக்கப்படவில்லை, மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.